இயல் 6: தன் கதையைத் தான் சொல்லாத தலைவன்

தெருக்கூத்தில் ஒரு ராஜா வந்தால் அவர் யார், எப்படிப்பட்டவர் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் நின்றபடியே திரைவிருத்தத்தில் தம் குலம், கொடி, பராக்கிரமம் எல்லாவற்றையும் பாடிவிடுவார். விட்டுப்போனதைக் கட்டியங்காரன் கேள்விமேல் கேள்வி போட்டு வாங்கிவிடுவான். தருமபுரிப் பக்கம் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. கர்ண மோட்சத்தில் கர்ணன் பொன்னுருவியிடம் வாதாடும்போதே அவன் மனத்து ரணம் முழுதும் வெளியே வந்துவிடுகிறது. பாத்திர ஆய்வு எழுத உட்காருகிறவருக்கு வாக்குமூலம் தயாராகக் கையில் இருக்கிறது.

இந்த இயலில் நாம் எடுத்துக்கொள்ளும் ஆளிடம் அந்த வசதி இல்லை. தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் வழங்கிய காலத்தில் அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிதான் அவன். புகழின் உச்சியில் நின்று, தன்னைவிடப் பெரிய அரசோடு மோதி, ஊரையும் உயிரையும் இழந்தவன். துன்பியல் நாடகத் தலைவனுக்கு வேண்டியது எல்லாம் அவனிடம் உண்டு, நாடகம்தான் இல்லை. அவன் வீழ்ச்சியைச் சொன்ன 'தகடூர் யாத்திரை', உரைநடையும் பாட்டும் கலந்த பழைய நூல், முழுதாக வந்து சேரவில்லை. புறத்திரட்டு என்னும் தொகுப்பிலும் தொல்காப்பிய உரைகளிலும் சில பாட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் மற்றவர்கள் அவனைப் பற்றிச் சொன்னதை வைத்தே அவனை நாம் கட்டி எழுப்பியாக வேண்டும். சிரமமான வேலைதான். ஆனால் பாத்திர ஆய்வு கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சிக் களம் எனக்குத் தெரியவில்லை.

முதலில், எப்படி எழுதக் கூடாது என்பது. கல்லூரித் தேர்வுத்தாளில் அதியமான் என்று கேட்டால் மூன்று உட்தலைப்புகள் வரும்: கொடைத்திறம், வீரம், தமிழ்ப்பற்று. முதலாவதற்கு நெல்லிக்கனி, இரண்டாவதற்கு ஒரு போர், மூன்றாவதற்கு மறுபடியும் நெல்லிக்கனி. இதில் 'அதியமான்' என்ற பெயரை எடுத்துவிட்டுப் பாரி என்றோ ஓரி என்றோ போட்டாலும், கனியைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டியிராது. யாருக்கும் பொருந்துகிற விவரிப்பு யாரையும் விவரிக்கவில்லை என்று அர்த்தம். குணங்களை அடுக்குவதைவிட, அந்தக் குணங்கள் ஒரே மனிதனுக்குள் எப்படிப் பிணைந்து கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

தாளில் கோடு போடுதல்

ஒரு முழுத்தாளை எடுத்து நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் பாட்டு எண். இரண்டாவதில் பாடியவர் யார், யாரை நோக்கிப் பாடுகிறார் என்பது. மூன்றாவதில் பாட்டுக்குள்ளேயே இருக்கும் செய்தி. நான்காவதில் பாட்டுக்குக் கீழே 'இன்னாரை இன்னார் பாடியது' என்று வரும் கொளுவில் மட்டும் இருக்கும் செய்தி. இந்த மூன்றாவது, நான்காவது பத்திகளைப் பிரிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

புறநானூறு 95 எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவையார் நையாண்டியாகப் புகழ்கிறார். பாட்டைத் திறந்து பாருங்கள். தொண்டைமான் பெயர் உள்ளே இல்லை. அதியமான் பெயரும் இல்லை. தூது என்ற செய்தியே இல்லை. இங்கே இருக்கும் ஆயுதங்கள், எங்கள் தலைவனின் வேல் என்ற இரண்டு மட்டும்தான் பாட்டில் உண்டு. மீதியெல்லாம் கொளு தந்தது. பாட்டைப் பாடியவர் ஒருவர், தொகுத்துக் குறிப்பு எழுதியவர் வேறொருவர், பிற்காலத்தவர். அதற்காகக் கொளுவைத் தூக்கி எறிய வேண்டாம், பழைய மரபைக் காப்பாற்றித் தந்தது அதுதான். ஆனால் பாட்டின் சாட்சியத்துக்கும் கொளுவின் சாட்சியத்துக்கும் ஒரே எடை போடக் கூடாது. நெல்லிக்கனிப் பாட்டில் (91) அதியர் கோமான் அஞ்சி என்று அவன் பெயரே வருகிறது. அது வலுவான சான்று. மகனை முதன்முதலாகப் பார்க்க வந்த பாட்டில் (100) பெயர் இல்லை. கொளுவை நம்பித்தான் அதை அவன் கணக்கில் வைக்கிறோம். உங்கள் கட்டுரையில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

இன்னொரு கலப்பையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள். கே. பி. சுந்தராம்பாள் நடித்து 1953இல் வந்த ஔவையார் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஔவை என்றால் ஒரே பாட்டிதான். ஆத்திசூடி எழுதியவர் காலத்தால் மிகப் பிந்தியவர். அதியமானைப் பாடியவர் யாழிசை மரபோடு ஊர் ஊராகப் போய், விருந்தில் கள்ளும் கறியும் உண்டு, கோபம் வந்தால் வாயில் காவலனையே வறுத்தெடுத்த சங்ககாலப் பெண் புலவர். கைத்தடியும் விபூதியுமாக அவரைக் கற்பனை செய்தால் அதியமானோடு அவருக்கு இருந்த உரிமையின் சூடே போய்விடும்.

புகழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கும் தகவல்

95ஆம் பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்தப் பக்கத்து ஆயுதங்கள் மயில்தோகை சூடி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகைக்குள் இருக்கின்றன. எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்திக் கொண்டையும் முனையும் முறிந்து, எந்நேரமும் கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன. கேட்டதும் சிரிப்பு வரும். தொண்டைமான் போர் பழகாதவன், அதியமான் ஓயாத வீரன் என்று குறித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம்.

போகாதீர்கள். பாத்திர ஆய்வில் பழக வேண்டிய கண் ஒன்று உண்டு: புகழ்கிறவர் தாம் அறியாமலே கொடுத்துவிடும் தகவலைப் பிடிக்கிற கண். ஒரு நாட்டின் வேலெல்லாம் எப்போதும் பட்டறையில் பழுது பார்க்கப்படுகிறது என்றால் அந்த நாட்டில் போர் ஓயவில்லை. புகழ்ச்சியை எடுத்துவிட்டுப் பார்த்தால், மூச்சுவிட நேரமில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறிய அரசு தெரிகிறது. அதே பாட்டின் கடைசியில் அவன் செல்வம் இருக்கும்போது ஊட்டுவான், இல்லாதபோது இருப்பதைக் கூடியிருந்து உண்பான் என்றும் வருகிறது. சேர்த்து வைக்கிற ஆள் இல்லை. வேல்களையும் சோற்றையும் ஒரே மாதிரிச் செலவழிக்கிறான்.

இந்தக் கண்ணோடு 100ஆம் பாட்டுக்குப் போனால் உடல் சிலிர்க்கும். போர்க்களத்திலிருந்து நேரே வருகிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஆறாத புண். பகைவனைப் பார்த்துச் சிவந்த கண், பிறந்த மகனைப் பார்த்த பிறகும் சிவப்பு ஆறவில்லை. ஔவையார் இதை வியந்து பாடுகிறார். நாம் வியப்போடு கொஞ்சம் கலவரமும் அடையலாம்.

இரண்டு கட்டளைகள்

அதியமானின் சொந்தப் பேச்சு நமக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். கிடைத்தவற்றில் இரண்டு இடங்களை நான் வகுப்பில் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். இரண்டும் பிறர் எடுத்துச் சொல்வதாக வருபவை. இரண்டையும் அவன் பெயரோடு கட்டுவது கொளுதான்.

ஒன்று 89ஆம் பாட்டில் இருக்கிறது. உங்கள் நாட்டில் போரிடுகிறவர் யாரும் உண்டா என்று பகை மன்னன் கேட்கிறான். எங்கள் இளம் வீரர்கள் ஒருபுறம் இருக்கட்டும், மன்றத்தில் தொங்கும் தண்ணுமைப் பறையின் மேல் காற்று மோதி ஓசை எழுந்தாலே போர் வந்துவிட்டது என்று துள்ளி எழும் தலைவன் ஒருவனும் எங்களிடம் உண்டு என்கிறார் ஔவையார்.

மற்றொன்று 208. பாடியவர் பெருஞ்சித்திரனார். குன்றும் மலையும் கடந்து பரிசில் நாடி வந்தவர். அவரை நேரில் பார்க்காமலே, இதை எடுத்துக்கொண்டு அப்படியே போகட்டும் என்று பொருளைக் கொடுத்தனுப்புகிறான் அதியமான். வறுமையில் வாடிய புலவர் அதைத் திருப்பி அனுப்புகிறார். பொருளை மட்டும் வாங்கிப் போக நான் வியாபாரி அல்ல. என்னைப் பார்த்து, என் தரம் அறிந்து, தினையளவு கொடுத்தாலும் எனக்கு அது இனிது என்று சொல்லிவிடுகிறார். ஏழு வள்ளல்களில் ஒருவனின் கொடையை ஓர் ஏழைப் புலவர் மறுத்த இந்தப் பாட்டைக் கொடைத்திறம் என்ற உட்தலைப்பின் கீழ் யாரும் எழுதுவதில்லை. எழுத இடமில்லை, அதனால்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் காற்றா பகையா என்று பார்க்குமுன் போருக்கு எழுகிறான். மற்றதில் வந்தவர் யாரென்று பார்க்குமுன் கொடுத்து முடிக்கிறான். போரும் கொடையும் வேறு வேறு குணங்கள் என்று பாடநூல் பிரித்து வைத்திருக்கிறது. பாட்டுகளின்படி இரண்டும் ஒரே வேகத்தின் இரண்டு பக்கங்கள். அவன் பார்க்குமுன் செய்கிறவன். மகனைப் பார்க்க வந்தபோதும் கண்ணில் நிற்பது பகைவன்தான்.

206ஆம் பாட்டையும் இங்கே சேர்க்கலாம். பரிசில் தாமதமாகிறது. ஔவையாரே வாசலில் காத்திருக்க நேர்ந்து, வாயில் காவலனிடம் வெடிக்கிறார்: உங்கள் நெடுமான் அஞ்சிக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா? மரம் வெட்டத் தெரிந்த தச்சன் பிள்ளைகளுக்குக் காடெல்லாம் பிழைப்பு. எங்களுக்கு எந்தத் திசை போனாலும் சோறு என்று மூட்டை கட்டுகிறார். இதே ஔவையார் 101இல் வேறு மாதிரிப் பாடுகிறார். ஒருநாள் இருநாள் அல்ல, பலநாள் பலரோடு போனாலும் முதல் நாள் போலவே விரும்புவான். பரிசில் பிந்தினாலும் யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம்போல் தப்பாமல் வந்து சேரும் என்கிறார். எது உண்மை? இரண்டும். ஒரே சாட்சி இரண்டு மனநிலையில் சொன்னவை. ஒன்றை எடுத்து மற்றதை மறைத்தால் ஆய்வு துதியாகும் அல்லது தூற்றலாகும். உறவு எவ்வளவு நெருக்கமாக இருந்தால் ஓர் அரசனைப் பார்த்து இப்படிக் கத்த முடியும் என்பதும் இந்த முரணில்தான் வெளியாகிறது.

முடிவுக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது எதிர்ச்சான்று தேடுவது நல்ல பழக்கம். 'பார்க்குமுன் செய்கிறவன்' என்ற நம் கருத்துக்கு எதிராக நிற்பவை எவை? தூது அனுப்பியது ஒன்று. கொளுவை ஏற்றால், போர் வருமுன் பேசிப் பார்க்க ஒரு புலவரை அனுப்பும் நிதானம் அவனிடம் இருந்திருக்கிறது. 315ஆம் பாட்டு மற்றொன்று. வீட்டு இறப்பில் செருகிய தீக்கடைகோல்போல் இருக்கும் இடம் தெரியாமலும் இருப்பான், வேண்டும்போது நெருப்பாகவும் வருவான் என்கிறது. எந்நேரமும் எரிகிறவன் அல்ல. இவற்றையும் கட்டுரையில் வையுங்கள். கருத்து கொஞ்சம் பலவீனப்படும், மனிதன் பலப்படுவான்.

நெல்லிக்கனி

இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. முதலில் எடுத்தால் இது மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

91ஆம் பாட்டு சொல்வது இவ்வளவுதான்: பெரிய மலையின் பிளவில், எட்டுவதற்கு அரிய இடத்தில் பழுத்த, சிறிய இலைகளைக் கொண்ட நெல்லியின் இனிய கனி. அதன் பயனைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, நான் சாகாதிருக்க எனக்குத் தந்தாய். அதனால் நீ நீலமிடற்று இறைவன்போல் நிலைத்திருப்பாயாக. தமிழ் வாழ வேண்டும் என்பதற்காகக் கொடுத்தான் என்று மேடைகளில் கேட்டிருப்போம். பாட்டில் அது இல்லை. நான் சாகக் கூடாது என்று கொடுத்தாய் என்பதோடு ஔவையார் நிறுத்திக்கொள்கிறார். ஒரு மொழிக்குக் கொடுப்பது பெருமைதான். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கொடுப்பதில் இருக்கும் நெருக்கம் அதில் கிடையாது.

208இல் வந்தவரைப் பார்க்காமலே கொடுத்தவன் இங்கே எதிரில் இருப்பவரை முழுதாகப் பார்த்துக் கொடுக்கிறான். தன்னை மட்டும் பார்க்கவில்லை. பயனைச் சொல்லியிருந்தால் ஔவையார் வாங்கியிருக்க மாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். இதுவரை நாம் கண்ட வேகத்தின் மிக அழகான வடிவம் இது. தனக்கென்று ஒரு கணக்குப் போட நிற்காதவன் மட்டுமே செய்யக்கூடியது.

வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார், "சார், அந்தக் கனிய அவரே சாப்ட்டிருந்தா தகடூர்ல செத்திருக்க மாட்டாரா?" எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி அது. மூப்பையும் நோயையும் விலக்குவதாகச் சொல்லப்பட்ட கனி வேல்முனையை விலக்குமா என்பது ஒருபுறம். ஔவையாரின் வாழ்த்தைக் கவனியுங்கள்: நஞ்சை விழுங்கியும் சாகாதவனைப்போல் நீ நிலைத்திரு என்கிறார். சாவைத் தடுக்கும் பண்டத்தை இப்போதுதான் அவன் கையிலிருந்து வாங்கியவர், அவனைச் சாவை வென்றவனோடு ஒப்பிட்டு வாழ்த்துகிறார். வாழ்த்து பலிக்கவில்லை. பின்னாளில் அவனுக்கு இரங்கல் பாட அவர் உயிரோடு இருந்தார். கொடுத்தவன் போனபின் அவன் கொடுத்த ஆயுளைச் சுமந்துகொண்டு வாங்கியவர் நிற்கும் இந்த நிலை எந்தத் துன்பியல் நாடகாசிரியனும் ஆசைப்படுகிற அமைப்பு. இங்கே அதைத் திட்டமிட்டவர் யாருமில்லை. பாட்டுகளை வரிசைப்படுத்தினால் தானாகத் தெரிகிறது.

பகைவனைச் சிறியவனாக்காதீர்கள்

அதியமான் கோவலூரைத் தாக்கி வென்றான். அதைப் பரணர் பாடினார் என்று 99ஆம் பாட்டு சொல்கிறது. கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். காரி சேரனுக்கு வேண்டியவன். ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்தவன் என்று அகநானூறு 209 சொல்கிறது. இவற்றை இணைத்து, கோவலூரில் தொடங்கிய பகைதான் தகடூரில் முடிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கோவை செய்வார்கள். இது ஊகம்தான், ஆனால் பொருந்தும் ஊகம். இருமத்தூர்ப் பக்கம் ஓடும் தென்பெண்ணைதான் திருக்கோவலூரையும் தொட்டுப் போகிறது. ஆற்றோடு போனால் இரண்டு அரசுகளும் உரசிக்கொள்ளாமல் இருந்திருக்க முடியாது என்பது விளங்கும். திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, சத்தியபுத்திரன் என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி அங்கே துறவிகளுக்கு உறைவிடம் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. அசோகனின் கல்வெட்டில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அதில்தான் விடை கிடைத்தது. பாட்டில் வந்த பெயர் கல்லிலும் இருக்கிறது, அதுவும் கொடுத்தவனாக. நெல்லிக்கனிக்கு அது சாட்சியாகாது. எந்தச் சான்று எதுவரைக்கும் பேசும் என்பதை எப்போதும் அளந்துகொள்ளுங்கள்.

தகடூரை அழித்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. நாடகமாக எழுதுகிற பலரும் இவனுக்கு முறுக்கு மீசையும் இடிச்சிரிப்பும் வைத்துவிடுவார்கள். பாட்டுகள் வேறு ஆளைக் காட்டுகின்றன. முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாரை வெட்டாமல், அவர் விழிக்கும்வரை கவரி வீசிக்கொண்டு நின்றவன் இதே சேரன் (புறம் 50). தன்னைப் பாடிய அரிசில்கிழாருக்கு ஒன்பது லட்சம் காணமும், தேவியோடு அரண்மனையை விட்டு வெளியே வந்து அரியணையையுமே கொடுத்தான் என்றும், புலவர் அரசை அவனிடமே விட்டுவிட்டு அமைச்சுப் பொறுப்பை மட்டும் ஏற்றார் என்றும் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் சொல்கிறது. அங்கேயும் ஒரு வள்ளல்தான். நல்லவனும் கெட்டவனும் மோதினால் அது சண்டைப்படம். இரண்டு பெரியவர்கள் மோதி ஒருவர் அழிவதுதான் துன்பியல்.

இதில் கவனிக்க வேண்டிய சாட்சி அரிசில்கிழார். வென்றவனின் புலவர். அவரே புறநானூறு 230இல், தகடூர்ப் போரில் விழுந்த எழினிக்காக அழுகிறார். கன்றோடு கூடிய ஆநிரை காட்டிலேயே தங்கினாலும், வழிப்போக்கர் நினைத்த இடத்தில் தங்கினாலும், களத்தில் நெல் காவலின்றிக் கிடந்தாலும் பயமில்லாத ஆட்சி அவனுடையது என்கிறார். எமனைப் பார்த்து, பசி தாங்காமல் விதைநெல்லைச் சமைத்துத் தின்ற உழவனைப்போல் முட்டாள்தனம் செய்துவிட்டாய், இவனை விட்டுவைத்திருந்தால் இவன் களத்தில் உனக்கு எத்தனை உயிர் கிடைத்திருக்கும் என்று கேட்கிறார். இந்த எழினி அதியமானேயா, அவன் மகன் பொகுட்டெழினியா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழினி அந்தக் குடிக்கு வழங்கிய பெயர். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் கட்டுரையில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள்.

எதிரியின் வாயால் புகழ் வாங்கியவனைப் பற்றி எழுதும்போது உலக இலக்கியத்தில் துணைக்கு ஆள் உண்டு. மராத்தான் போரில் பாரசீகரோடு நேரில் பொருத ஈஸ்கிலஸ், கி.மு. 472இல் ஏதென்ஸில் அரங்கேற்றிய 'பாரசீகர்' நாடகத்தில் தோற்ற பாரசீக அரண்மனையின் அழுகையைத்தான் காட்டினார். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில் புரூட்டஸ் மாண்டபின் அவனை ரோமாபுரியிலேயே மிக உயர்ந்தவன் என்று சொல்வது அவனைத் தோற்கடித்த ஆண்டனி. புரூட்டஸையும் அதியமானையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் மாணவர்கள் உற்சாகமாக எழுதுகிறார்கள். ஆனால் புரூட்டஸ் இரவெல்லாம் தன்னோடு தானே பேசுகிறவன், யோசித்து யோசித்துத் தவறுகிறவன். நம் ஆள் அதற்கு நேர் எதிர். ஒப்பீட்டில் ஒற்றுமையைவிட இந்த வேற்றுமை அதிகம் வேலை செய்யும்.

பிழை என்று எதைச் சொல்வது

முற்றும் நல்லவனும் அல்லாத, கொடியவனும் அல்லாத ஒருவன் ஏதோ ஒரு பிழையால் விழ வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். இதைப் படித்துவிட்டுப் பலர் தலைவனிடம் ஒரு கெட்ட குணத்தைத் தேடிப்பிடித்து, 'இதுவே அவன் வீழ்ச்சிக்குக் காரணம்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அதியமானுக்கு 'போர்வெறி' என்று எழுதிய தாள்கள் என்னிடம் வந்திருக்கின்றன. போர்வெறி என்று எழுதிய கை, நெல்லிக்கனிக்கு வேறொரு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும். அப்படித் தேடாமல் இரண்டையும் ஒரே வேரிலிருந்து விளக்க முடிகிறதா என்று பாருங்கள். நிறுத்தி அளந்து பார்க்காத மனம்தான் கனியையும் கொடுத்தது, கோவலூருக்கும் பாய்ந்தது. கணக்குப் பார்த்திருந்தால் தகடூர் தப்பியிருக்கலாம். அந்த அதியமானை ஔவையார் பாடியிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அவன் மறைவுக்குப் பின் ஔவையார் பாடியவையாக வரும் 231, 232, 235ஆம் பாட்டுகளைக் கடைசியில் படியுங்கள். பெயர் எதிலும் இல்லை, கொளுதான் சொல்கிறது. 235இல் அவர் அவனுடைய போர்களைப் பட்டியல் போடவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான்; நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் உண்டு மகிழ்வான். கறிகூடிய எலும்பு எங்களுக்கு; அம்பும் வேலும் பாயும் இடத்தில் நிற்பது அவன். புலவு நாறும் என் தலையை நறுமணம் வீசும் கையால் தடவிக் கொடுப்பான். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளின் வழியே போய், புலவர் நாவில் குத்தி நின்றது என்கிறார். அழுகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: பிறரால் இழிவுபடுவது, உரியதை இழப்பது, பழைய நிலையிலிருந்து தளர்வது, வறுமை. இந்தப் பாட்டில் இழப்பும் வறுமையும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. 232இல் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறிய கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். மலை உயர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்குவானா என்று கேட்கிறார். வாழ்நாள் முழுதும் கொடுத்தே பழகியவனுக்கு இப்போது மற்றவர்கள் கொடுக்கிறார்கள். இப்போதும் அவனால் வாங்க முடியாது.

தருமபுரி மாவட்டத்தில் இருப்பவர்கள் எழுதுமுன் இரண்டு இடங்களுக்குப் போய்வரலாம். சேலம் சாலையில் அதியமான்கோட்டை; கோட்டை என்று காட்டப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அரசு அமைத்த அதியமான் கோட்டம் இருக்கிறது, தேய்பிறை அஷ்டமிக்குக் கூட்டம் சேரும் காலபைரவர் கோயில் இருக்கிறது, கூரை ஓவியங்கள் கொண்ட சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. பாத்திர ஆய்வுக்கு இவற்றால் பெரிய லாபமில்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்து நடுகற்கள் வேறு சங்கதி. வில்லும் குறுவாளுமாக, உடம்பைச் சாய்த்துப் பாயும் நிலையில் செதுக்கிய வீரர்கள். இவை பெரும்பாலும் அதியமானுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை, ஆநிரைப் பூசலில் இறந்த சாதாரண வீரர்களுடையவை. 'அதியமான் காலத்து நடுகல்' என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் 232ஐப் படித்துவிட்டு ஒரு நடுகல்லின் முன் நின்றால் சிறிய கலத்தில் கள் என்ற இடம் புரிகிற விதமே வேறு.

பயிற்சி

புறநானூறு 230ஐயும் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அரிசில்கிழார் பாடியவை. வென்றவனிடம் அமைச்சராக இருந்துகொண்டு தோற்றவனுக்கு அழுதவர். மேலே சொன்ன நான்கு பத்தித் தாளில் இம்முறை அதியமானுக்குப் பதிலாக அரிசில்கிழாரையே நடுவில் வைத்து இரண்டு பக்கம் எழுதுங்கள். நேர்மை, நன்றி, துணிவு என்று உட்தலைப்புப் போட வேண்டாம். சேரன் முன்னிலையில் அந்த இரங்கல் பாட்டை அவர் பாடியிருந்தால் சேரன் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு எட்டாம் பத்திலிருந்தே ஒரு சான்று காட்டுங்கள். சான்று கிடைக்காவிட்டால் அந்தப் பத்தியை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.